ஊற்றுக்கண்ணைத் தேடி ஏறிய ஹிட்டாச்சி

“ஏறு தம்பி, ஏறு! தண்ணியக் கண்ணால பாக்காம இன்னைக்கு யாரும் கீழ எறங்கப் போறதில்ல!”

கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு செலின் முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால், சிறுமலைச் சரிவே கிடுகிடுக்க, ஒரு ஹிட்டாச்சி இரும்புச் செயினை உருட்டிக்கொண்டு ஏறியது. கேபினுக்குள் இருந்த காசிமாயன் லிவரைத் தள்ளிக்கொண்டே கத்தினான்.

“அக்கா, நம்ம செவலை ஏறாத மேடு இன்னும் பொறக்கல! நீங்க வழிய விட்டு நில்லுங்க, போதும்!”

ஜல்லிக்கட்டுக் காளைக்கு வைக்கிற பெயரை அவன் மண் அள்ளும் வண்டிக்கு வைத்திருந்தான். மலைச்சாலை வேலைக்காக வந்திருந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிறதே என்று காண்டிராக்டரிடம் கேட்டு, ஒரே ஒரு பகலுக்கு வாங்கியிருந்தார்கள். மறுநாள் அது சாலைக்குத் திரும்பியாக வேண்டும். இருட்டிவிட்டால் இந்தச் சரிவில் வண்டியை இறக்கவும் முடியாது. ஆக, கையில் இருந்தது ஒரு பகல்தான்!

மூன்றாவது ஆள் ரீட்டா. செலினின் நாத்தனார். தலையில் சோற்றுத் தூக்கு, தோளில் மண்வெட்டி, வாயில் ஓயாத பேச்சு.

“மதினி, எங்கண்ணன் லாரியில நாசிக் தாண்டியிருப்பாரு. நீங்க இங்க மலையையே பெயர்க்கப் போறீங்கன்னு தெரிஞ்சா வண்டியத் திருப்பிருவாரு!”

“தெரிஞ்சாத்தானடி! நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்.”

செலின் சிரித்தாள். ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நூல் மில்லுக்குப் போனவள் அவள். பஞ்சுத் தூசியிலும் விடுதி அறையிலும் வயதைக் கழித்து, சேர்த்ததையெல்லாம் இந்தச் சரிவில் போட்டு எலுமிச்சை நட்டிருந்தாள். இந்தக் கோடையில்தான் முதல் பூ, முதல் பிஞ்சு. அந்தப் பிஞ்சுகள் இப்போது தண்ணீர் இல்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. இலைகள் சுருண்டுவிட்டன. மரங்கள் பட்டுப்போனால் செலின் மறுபடியும் மில்லுக்குத்தான் போக வேண்டும். வேறு வழியே இல்லை! ‘திரும்பி வருகிறாயா?’ என்று மில்லிலிருந்து கேட்டும் அனுப்பியிருந்தார்கள்.

தோப்புக்கு மேலே ஒரு சதுப்பு இருந்தது. எந்தக் கோடையிலும் அங்கே கொஞ்சம் ஈரம் கசியும். குடத்தை வைத்தால் நிறைவதற்குள் தூக்கம் வந்துவிடும். ‘அங்கே தோண்டினால் ஊற்று பெரிதாகும்’ என்பதுதான் திட்டம்.

சதுப்பை அடைந்ததும் காசிமாயன் வண்டியை நிறுத்தினான்.

“அக்கா, ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க. செயினுக்கு அடியில வச்சு நசுக்காம மண்ணத் தொட மாட்டேன்.”

“தோப்புல இருக்கிறதெல்லாம் பட்டாணி மாதிரி பிஞ்சுடா! அதுல ஒண்ணப் பறிச்ச, உன்னையே செயினுக்கு அடியில வச்சுருவேன்!”

ரீட்டா தூக்குச்சட்டியைத் திறந்து ஊறுகாய்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். “இதுவும் எலுமிச்சைதான். உன் சாமிக்கு உப்பு ஒறப்பு ஆகும்ல?”

காசிமாயன் ஒரு கணம் யோசித்தான். பிறகு பயபக்தியோடு அதை வாங்கி வைத்து நசுக்கினான். செலின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வேலை தொடங்கியது!

வண்டியின் நீண்ட கையில் மாட்டிய, பல் வைத்த பக்கெட் சதுப்பில் இறங்கியது. கறுப்புச் சேறு, அதற்கடியில் சாம்பல் நிறக் களிமண். குழியின் ஓரமெல்லாம் கசிந்து, அடியில் தண்ணீர் தேங்கியது. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு!

“வருது! வருது மதினி!” ரீட்டா குதித்தாள்.

“இன்னும் ஆழமாப் போ தம்பி!”

மலைக்குக் கீழே, அவர்கள் ஊர்ப் பக்கம், தண்ணீர் என்றால் ஆழம். கிணறு வெட்டினாலும் ஆழம், போர் போட்டாலும் ஆழம். மூன்று பேரும் அப்படிப் பார்த்தே வளர்ந்தவர்கள். காசிமாயன் பக்கெட்டின் பற்களை அடியில் அழுத்தி ஓங்கி ஒரு வாரு வாரினான்.

குழிக்குள் ‘களக்’ என்று ஒரு சத்தம். தேங்கி நின்ற தண்ணீர் சுழித்தது. ஒரு வாய் உறிஞ்சுவது போலக் கீழே இறங்கியது. அவர்கள் வாயை மூடுவதற்குள் குழி காலி!

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கக்கா போச்சு?” காசிமாயன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.

செலின் குழிக்குள் குதித்தாள். கடைசியாக வாரிய இடத்தில் களிமண் கிழிந்து, அடியில் சிவப்புச் சரளை தெரிந்தது. கையை வைத்தாள். தண்ணீர் முழுக்க அதற்குள் ஓடி மறைந்திருந்தது.

“இந்தக் களிதான் தண்ணியத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு. நாம அதையே கிழிச்சுட்டோம்.”

“சட்டியில ஓட்டையப் போட்டுட்டுக் கொழம்பத் தேடுறோம்,” என்றாள் ரீட்டா. சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. இருந்த கசிவும் போய்விட்டதே!

காசிமாயன் கேபினை விட்டு இறங்கித் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். “எம்மேல தப்புக்கா. அழுத்தி வாரிட்டேன்.”

“ஆழமாப் போன்னு சொன்னது யாரு? நாந்தான!” செலின் அதட்டினாள். “ஒப்பாரி வைக்க இது நேரமில்ல. இங்க பாரு!”

குழியின் மேட்டுப் பக்கச் சுவர் இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக, களிமண்ணின் முதுகு மேலாக வழிந்து வந்துகொண்டிருந்தது தண்ணீர்.

“தண்ணி கீழருந்து வரல புள்ள. மேலருந்து வருது! கண்ணு அங்க எங்கயோ இருக்கு. நாம வாலத் தோண்டியிருக்கோம்!”

மேலே பார்த்தார்கள். உண்ணி முள்புதர் சுவர் போல நின்றது. அதற்குப் பின்னால் செங்குத்துச் சரிவு. அதன் உச்சியில் கரும்பாறை. பாறையடி வரைக்கும் செலினின் பட்டா நிலம்தான். ஆனால் அவள்கூட அங்கே ஏறிப் பார்த்ததில்லை!

காசிமாயன் வண்டிக் கையால் புதரை ஒதுக்கிக் கொடுக்க, பெண்கள் இருவரும் உள்ளே நுழைந்தார்கள். சில அடிக்கு ஒருமுறை செலின் கடப்பாரையைக் குத்தி உருவினாள். நுனி ஈரமாக வந்தால் மேலே நடை. காய்ந்து வந்தால் பக்கத்தில் மறுபடி குத்து. ஈரம் வளைந்து வளைந்து போனது. முள் கையைக் கிழித்தது. கடைசியில் கல்லும் சரளையுமான ஒரு மேடையில் தடம் அறுந்தது. எங்கே குத்தினாலும் தூசி!

“விட்டுருச்சு மதினி,” ரீட்டா மூச்சு வாங்கினாள்.

சரேல்! எதிர்ப்புதர் ஆடியது. கிளைகள் முறிந்தன.

“காட்டுமாடு!”

கறுத்த மலை ஒன்று எழுந்து வந்தது போல இருந்தது. ரீட்டா சோற்றுத் தூக்கோடு பக்கத்துப் பாறை மேல் பாய்ந்தாள். செலின் அடிமரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டாள். கீழே இருந்து காசிமாயன் ஹாரனை விடாமல் அடித்தான். மாடு தலையை உதறி, செலினை உரசுகிற தூரத்தில் கடந்து, சரிவின் மறுபக்கம் பாய்ந்து மறைந்தது.

“மாதாவே! மாதாவே! போயிருச்சா?”

“எறங்குடி! அதோட காலப் பாத்தியா?”

“நான் கொம்பைத்தான் பாத்தேன்!”

“முட்டு வரைக்கும் சேறு! காயாத சேறு! இந்த வெயில்ல அதுக்குச் சேறு எங்கருந்து கெடச்சுச்சு?”

மாடு வந்த வழியிலேயே இருவரும் ஓடினார்கள். பாறையின் அடியில், மண் சரிந்து மூடிய ஒரு மூலையில், மாடு புரண்ட பள்ளம் பளபளத்தது. செலின் கடப்பாரையைச் செருகினாள். உருவியபோது துளை வழியே தண்ணீர் எட்டிப் பார்த்தது!

“காசீ! வண்டியக் கொண்டா!”

சொல்வது எளிது. சரளைச் சரிவில் செயின் வழுக்கியது. ஏறிய தூரமெல்லாம் வண்டி பின்னால் வந்தது. ஒரு முறை அடிப்பக்கம் முழுக்க பள்ளத்தை நோக்கித் திரும்பி, இடது செயின் காற்றில் தொங்கியது.

“குதிச்சுரு தம்பி! வண்டி போனாப் போகுது!”

“செவலைய விட்டுட்டா? நல்லா இருக்கே!”

காசிமாயன் நீண்ட கையை மேல்நோக்கி வீசி, பக்கெட்டின் பற்களை ஒரு கல்லிடுக்கில் மாட்டினான். கை மடங்கியது. வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு, ஓரடி ஓரடியாக, கயிறு பிடித்து ஏறுகிறவனைப் போல மேலே வந்தது! பாறையடிக்கு வந்து நின்றதும் இஞ்சினை அணைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தான். “ஒண்ணுமில்லக்கா, வெயிலு,” என்றான்.

வெயில் அப்போது பாறைக்குப் பின்னால் சாயத் தொடங்கியிருந்தது.

“அந்தப் பாறைய ஒரு தட்டுத் தட்டுனா கொட்டிரும்கா. சீக்கிரம் முடிஞ்சுரும்.”

“பாறையில கை வச்ச, பாத்துக்க! வெடிப்பு வேற பக்கம் தொறந்துக்கிட்டா மறுபடி தேடிட்டுத் திரியணும். கீழயும் போகாத. பக்கவாட்டுல சீவு. தோசைக்கல்லுல இருந்து எடுக்கிற மாதிரி.”

பற்களைத் திருப்பிப் பிடித்து, பக்கெட்டின் விளிம்பால் அவன் சரிந்த மண்ணைப் படலம் படலமாகச் சீவினான். சாம்பல் களி தெரிந்ததும் செலின் கையை உயர்த்தினாள். “நிறுத்து! அதுக்கு மேல வண்டி வேணாம்.” மிச்ச மண்ணை மூவரும் கையால் வாரினார்கள். பாறைக்கும் களிக்கும் நடுவே ஒரு விரல்கடை வெடிப்பு. அதிலிருந்து சில்லென்று, கண்ணாடி போல, நிற்காமல் வந்தது தண்ணீர்!

ரீட்டா ஒரு வாய் குடித்தாள். அடுத்த கையை ஏந்தி மதினியின் வாய்க்கு நீட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். இறங்கும்போதே சரளையைச் சீவித் தனக்கொரு தடம் போட்டுக்கொண்டு, கீழே தவறாகத் தோண்டிக் கொட்டிய களிமண்ணையே வண்டி அள்ளி வந்தது. தோப்பில் கிடந்த, துளை போட்ட வட்டச் சிமெண்ட் கிணற்றுறையைச் சங்கிலியில் தூக்கி வந்து ஊற்றின் முன்னால் இறக்கியது. உறையைச் சுற்றிக் கூழாங்கல். பள்ளத்துப் பக்கம் களிமண் சுவர். பெண்கள் இருவரும் கைகோத்து அதை மிதி மிதியென்று மிதித்தார்கள். உறையின் வயிற்றில் கருப்பு ஓஸ் பைப். மேல்விளிம்பில் இன்னொரு துண்டு பைப். நிறைந்து வழிகிற தண்ணீர் மாட்டுப் பள்ளத்துக்கே போகட்டும் என்று செலின் அதைத் திருப்பி வைத்தாள்.

“வழி காட்டுனதுக்குக் கூலியா மதினி?”

“நாம மூடிட்டா அது ஒடைச்சுட்டுல போகும்!”

வெளிச்சம் இருக்கும்போதே வண்டி இறங்கியது. ஓஸ் சுருளை உருட்டி விரித்துக்கொண்டே மூவரும் தோப்புக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே உறை நிறைய வேண்டும், பைப் முழுக்க ஓடி வர வேண்டும். செலின் ஓஸின் முனையைப் பிடித்து நின்றாள். காற்று இருமியது. அடங்கியது. மறுபடி இருமியது. செந்நிறச் சேறு துப்பியது. ரீட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு முனை கனத்தது. கை நிறையத் தெளிந்த தண்ணீர்!

காசிமாயன் கேபின் கூரையில் ஏறி விசிலடித்தான். ரீட்டா முழுசாக நனைந்து கூத்தாடினாள். செலின் மட்டும் நகரவில்லை. ரொம்பவும் சுருண்டு போயிருந்த மரத்தின் பாத்தியில் ஓஸை வைத்தாள். வறண்ட மண் தண்ணீரைக் குடித்தது, குடித்தது, பிறகுதான் பாத்தியில் தேங்க ஆரம்பித்தது. அவள் அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.

அவசரப்பட்டுக் கீழே குத்தியபோது ஓடி ஒளிந்த தண்ணீர், அது வருகிற வழியிலேயே போய்த் தேடியபோது கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் கற்றது அவ்வளவுதான்.

“மதினி, மில்லுக்கு என்ன சொல்லப் போறீங்க?” ரீட்டா கேட்டாள்.

“இந்த வரிசை முடியட்டும்டி,” என்றாள் செலின், பாத்தியின் கரையைக் காலால் அணைத்தபடி. “அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இப்ப நேரமில்ல.”