சுண்டுக்குளி வீட்டின் மேற்குச் சுவர்

வெள்ளையடித்து இருபது நாளாகியும், பெரிய அறையின் மேற்குச் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு காயவேயில்லை. பத்மாவதி கை வைத்துப் பார்த்தாள். ஈரம். விரலை மோந்தால் சுண்ணாம்பு மணம் இல்லை. நல்லெண்ணெயும் அரப்பும் கலந்த, தலைக்கு வார்க்கும்போது எழுகிற மணம்.

"மழை ஊறியிருக்கும்" என்றார் கணவர் இராசநாயகம். மலாயாவில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. கொக்குவிலில் சொந்த வீடு இருக்க, சுண்டுக்குளியில் துரைமார் வீடுகளுக்கு நடுவே இந்தப் பங்களாவை வாடகைக்கு எடுத்ததற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: ஒரே மகள் பராசக்தியைப் பெண் பார்க்க வருகிறது டாக்குத்தர் குடும்பம், அவர்கள் ஓலை வீட்டுக்குள் குனிந்து நுழைவார்களா? பத்மாவதி பிறந்து வளர்ந்த வீட்டைத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் மகளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது, வந்த மூன்று சம்பந்தமும் தட்டிப்போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

அந்த ஈரச் சுவரை இடித்து, தோட்டம் தெரிய ஒரு கதவு வைத்தால் வீடு இன்னும் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்காரரைக் கேட்கவுமில்லை. குருநகர் மேசன் சூசைதாசன் ஒரே காலையில் உடைத்து முடித்தான்.

"உது பழைய சுவர் இல்லை அம்மா, பிறகு அடைச்சது. தட்ட முதலே விழுந்திட்டுது."

அவன் வேதக்காரன், கோயிலில் சிலுவை கும்பிடுகிறவன். சைவச் சாவுச் சடங்கெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய இராசநாயகம் பக்கத்தில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெண் பார்க்க வரும் நாள் பின்னேரம், வெளுத்த உடுப்புக் கொண்டுவந்த சின்னாச்சி அந்தப் புது வாசலைக் கண்டதும் மூட்டையை முற்றத்திலேயே போட்டுவிட்டாள்.

"ஆர் உதைத் திறந்தது? வீட்டுக்காரற்றை மகள் பஞ்சமியிலை செத்தவள் எல்லோ. திரும்பி வரக்கூடாதெண்டு சுவரை உடைச்சு, உதாலைதான் பிரேதத்தைக் கொண்டுபோய்ப் பிறகு அடைச்சவை. பஞ்சமியிலை போனது தனியப் போகாது தாயே!"

பத்மாவதி கணவரிடம் ஓடினாள். "இஞ்சேருங்கோ, அவையை இண்டைக்கு வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரே? கார் படலைக்கு வந்திட்டுது."

விறாந்தையில் சிரிப்புச் சத்தம். பெரிய அறை உட்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே மகள் தனியாகத்தான் உடுத்திக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் அதே மணம். தலைமுடியில் சீப்பு இழுபடும் சத்தம், மெதுவாக, ஒரே சீராக. பிறகு பராசக்தியின் குரல்.

"இறுக்கிக் கட்டாதேங்கோ அக்கா. நோகுது."

பத்மாவதி தட்டினாள். கத்த வாய் திறந்தாள். நாலாவது சம்பந்தம். விறாந்தை நிறைய ஆட்கள். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. பராசக்தி வந்தாள். மேசையிலிருந்த தேத்தண்ணித் தட்டத்தை எடுத்தாள். தாயைப் பார்க்கவில்லை. விறாந்தைக்குப் போனாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"கால் வைக்கிறதே தெரியேல்லை" என்று பூரித்தாள் மாப்பிள்ளையின் தாய். "என்ன அடக்கமான நடை! எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

இராசநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார்.

பத்மாவதி மட்டும் கீழே பார்த்தாள். சேலைக் கரைக்கு அடியில், பிரேதத்துக்குக் கட்டுவது போல, மகளின் இரண்டு கால் பெருவிரல்களும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தன.