ஷிமா கடையின் ஓர இருக்கை

மழைக்காலத்தில் எங்கள் துறைமுக ஊரான சுசாகிக்கு ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்க வேண்டும். அன்று சாயங்கால ரயிலிலிருந்து இறங்கிய ஹிராத்சுகாவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வடக்கே செண்டாய் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் குடை, தோளில் ஒரு பை, முகத்தில் நல்ல பசி. துறைமுகத் தெருவின் சின்னக் குடிக்கடைகளில் ஏறி இறங்கி, இந்தக் கரையின் மீனையும் சாகே என்கிற அரிசி மதுவையும் ருசி பார்க்க என்னை வழிகாட்டியாகப் பிடித்திருந்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் அலுப்பு. இந்தத் தெருவில் விருந்தாளிகளோடு குடித்துக் குடித்தே என் ஈரல் கெட்டது. போன குளிர்காலத்தில் டாக்டர் எண்டோ ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "மசுமி-சான், இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா என்கிட்ட வராதீங்க. நேரா கோயில் மயானத்துக்குப் போயி கல்லறைக்கு எடம் பாத்துக்கோங்க." அன்றோடு விட்டேன். விருந்தாளிகளுக்கு முன்னால் என் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சாகே குடித்தவள் மாதிரி 'ஹா' என்று மூச்சு விடுவேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கடையில் வைக்கோல் தீயில் வாட்டிய சூரை மீனைக் கல்லுப்பும் பச்சைப் பூண்டும் வைத்துச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பக்கத்து மேசைச் செம்படவர் ஒருவர் தன் கிண்ணத்தைக் காலி செய்து அவரிடம் நீட்டினார். ஹிராத்சுகா என்னைப் பார்த்து விழித்தார்.

"வாங்கிக்கோங்கய்யா. அவர் ஊத்துவாரு. நீங்க குடிச்சிட்டு அதே கிண்ணத்தை அவர்கிட்டயே குடுத்து ஊத்தணும்."

"எது வரைக்கும்?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் சாயற வரைக்கும்" என்றார் செம்படவர். கடையே சிரித்தது.

எங்கள் பழக்கம் அது. நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் விடுவது இங்கே கன்னத்தில் அறைகிற மாதிரி. வாங்கிவிட்டுத் திருப்பாமல் எழுந்து போவது அதைவிட மோசம். தூக்கத்தில் நீட்டினால்கூட எங்கள் ஊர்க்காரன் கை தானாக வரும் என்று வெளியூரில் கேலி பேசுவார்கள். பொய்யில்லை.

அடுத்த கடையில் இடமில்லை. மழை வலுத்தது. மீன் ஏலக் கொட்டகையைத் தாண்டித் திரும்பினால், ஷிமா கடையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஆச்சரியம். ஷிமாவின் புருஷன் தொகுஜி சூரைப் படகில் போனவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அன்று மூடிய கடை அது.

"மசுமி அக்காவா? வாங்க, வாங்க." ஷிமா எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "தொறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. ஐயா, நீங்க இப்படி உள்ள தள்ளி உக்காருங்க. அந்த ஓரத்துக்குப் பக்கத்துல."

நீளப் பலகையின் கோடியில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஹிராத்சுகா. அவருக்கு இந்தப் பக்கம் நான். வேறு ஆளில்லை. சூரைக் குடலை உப்பில் ஊறப்போட்டுச் செய்யும் தொக்கில் கொஞ்சம் எடுத்து வைத்தாள் ஷிமா. அவள் கைப்பக்குவம் அந்தத் தெருவில் யாருக்கும் வராது. சாகே ஒரு ஜாடி வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

நான் கால் வலியோடு சுவரில் சாய்ந்தேன். கூரையில் மழைச் சத்தம். உள்ளேயும் எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்தது. டீசல் வாடையும் அழுகின கடற்பாசி வாடையும் மெல்ல வந்தன. துறைமுகத்துக் கடைதானே, வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் ஹிராத்சுகா.

எனக்கில்லை. காலி இருக்கையின் பக்கம் திரும்பித் தலை குனிந்து சொன்னார். அவர் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. எங்கள் கிண்ணங்கள் வெள்ளை. இது பழுப்பு. ஒரே மூச்சில் குடித்தார்.

"யாரு குடுத்தாங்கய்யா?"

"இவர்தான்." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "உங்க ஊர்ப் பழக்கம் இப்பப் புரிஞ்சிடுச்சு பாருங்க." கிண்ணத்தில் ஊற்றி, காலி இருக்கையை நோக்கி மரியாதையாக நீட்டினார்.

கிண்ணம் அவர் கையை விட்டுப் போனது.

எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. கண்ணைக் கசக்கினேன். திரும்பப் பார்த்தபோது அது மறுபடி அவர் கையில் நிறைந்திருந்தது.

குடித்தார். நீட்டினார். வந்தது. குடித்தார்.

"போதுங்க, போதும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. சாகே இல்லை. கலங்கின தண்ணீர். சட்டைக் கையிலிருந்தும் ஒழுகிப் பலகை நனைந்தது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைத் தொட்டது போல இருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது.

"ஷிமா!"

அவள் திரை ஓரத்தில்தான் நின்றிருந்தாள். கொஞ்ச நேரமாகவே நின்றிருக்கிறாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"சத்தம் போடாதீங்கக்கா" என்று கிசுகிசுத்தாள். "அவரு இங்க குடிச்சிட்டிருந்தா மாடிக்கு வர மாட்டாரு."

"யாரு?"

"எம் புருஷன்தான். தினமும் என் தலைமாட்டுல ஈரத்தோட உக்காந்து கிண்ணத்தை நீட்டுறாரு. நான் கண்ண இறுக்கி மூடிட்டுக் கெடக்கேன். வாங்குனா கூடப் போகணும்லக்கா? ரெண்டு வருஷமா நான் தூங்கல. அதான் கடையத் தொறந்தேன்."

"அடிப்பாவி. அதுக்கு என் விருந்தாளிய உக்கார வச்சியா?"

"வெளியூர்க்காரர்தானே..." என்று இழுத்தாள். அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அழவும் தோன்றியது. அவ்வளவு களைத்த முகத்தை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஹிராத்சுகா இன்னொரு கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார். அவர் கண் மேலே சொருகியிருந்தது. இருவரில் ஒருவர் சாயவேண்டும். கடலில் செத்தவன் எங்கே சாயப் போகிறான்? பிடித்து இழுத்தேன். மனுஷர் அசையவில்லை. கிண்ணத்தைத் தட்டிவிடப் பார்த்தேன். விரல்கள் இரும்பாக இருந்தன.

ஒரே வழிதான் இருந்தது. எங்கள் ஊரில் கிண்ணத்தைக் கேட்டு வாங்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

டாக்டர் எண்டோ நினைவுக்கு வந்தார். எனக்குப் பயமாக இருந்தது. சாகவே பிடிக்கவில்லை.

"ஐயா, அதை எனக்குக் குடுங்க. எனக்கு!"

விரல்கள் திறந்தன. வாங்கிக் குடித்தேன். முதலில் உப்பு, பிறகு குளிர், கடைசியில் நெருப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ருசித்தது.

கீழே வைத்தால் அவன் மறுபடி இவரிடம் திரும்புவான். நிறைய ஊற்றி, இவர் தலைக்கு மேலாகக் காலி இருக்கையை நோக்கி நீட்டினேன்.

"தொகுஜி-சான், நான் மசுமி. என்னோட கணக்கு இது. இவரை விட்டுடுங்க."

யாரும் வாங்கவில்லை. சொட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

பிறகு என் விரல்களின் மேல் வேறு விரல்கள் பட்டன. ஊறி உப்பிய விரல்கள்.

கிண்ணம் போனது. திரும்பி வரவில்லை.

ஹிராத்சுகாவைத் தூக்கி நிறுத்தி வாசலுக்குத் தள்ளினேன். ஷிமா குறுக்கே வரவில்லை. முதுகு வளையக் குனிந்து கும்பிட்டாள். "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். உடனே கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியை என்னால் மறக்க முடியவில்லை.

ஹிராத்சுகா பிழைத்தார். செண்டாய் போய்ச் சேர்ந்து போன் செய்தார். சூரை மீனைத் தவிர அவருக்கு எதுவும் நினைவில்லை. ஷிமாவைச் சந்தையில் பார்த்தேன். கன்னத்தில் சதை போட்டிருந்தது. நன்றாகத் தூங்குகிறாளாம். எனக்குத்தான் காலையில் எழும்போது வாய் உப்புக் கரிக்கும். தலை கனக்கும். வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

நேற்று டாக்டர் எண்டோ ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெனமும் குடிக்கிறீங்க."

"சத்தியமா இல்ல டாக்டர். அன்னைக்கு ஒரே ஒரு கிண்ணம். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க மசுமி-சான். ரூம் பூரா சாகே வாடை."

எனக்கும் அடித்தது. டீசல் வாடையும் கலந்திருந்தது. என் இடப்பக்கமிருந்து வந்தது. அங்கே துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி கிடந்தது. நான் தனியாகத்தான் போயிருந்தேன். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையை ஏன் அப்படி நீட்டிட்டிருக்கீங்க?" என்றார்.

அப்போதுதான் என் விரல்களுக்கு நடுவே, நிறைந்து தளும்பிக்கொண்டு, சில்லென்று ஏதோ வந்து உட்கார்ந்தது.