செயின்சாவுக்குப் புது டியூப்

"அத மட்டும் செய்யச் சொல்லாதீங்க. வேற என்ன வேணும்னாலும் செஞ்சு தரேன்."

"வேற என்ன இருக்கு லோஷி? என் மெஷின் மூவார்ல வேல எடத்துல கெடக்கு. பாராங் கத்திய வச்சு அந்த மரத்த வெட்டுனா தைப்பூசத்துக்குத்தான் ரோடு தொறக்கும்."

ரூபேந்திரன் சிரிக்கப் பார்த்தான். லோஷினி சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு வருடமாக யாரும் தொடாமல் கிடந்த சாக்கு அது. அவன் அதைச் சமையலறைத் தரையில் வைத்தபோது, உள்ளே இருந்த செயின்சா தூங்குகிற ஆளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பெக்கோக்கில் மூன்று நாளாக மழை. அன்று மதியம், அவர்கள் வரிசை வீடுகளிலிருந்து வெளியே போக இருந்த ஒரே தார்ச்சாலையின் குறுக்கே பழைய அங்சானா மரம் ஒன்று வேரோடு சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் செம்பனை மரங்களுக்கிடையே ஆற்றுத் தண்ணீர் ஏற்கனவே வந்து நின்றது. இருட்டுவதற்குள் மரத்தை அறுத்தால் எல்லாரும் காரில் கிளம்பிவிடலாம் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். லோஷினிக்கு எல்லாரையும் பற்றிக் கவலையில்லை. ஹாலில் மெத்தை மேல் படுத்திருந்த மூன்று வயது மகள் தனிஷாவின் நெஞ்சிலிருந்து காலையிலிருந்து விசில் அடிப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இளைப்புக்கு அடிக்கும் பஃப் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி சிகாமட்டில். நடுவில் அந்த மரம்.

பெட்ரோல் டியூப்தான் வெடித்துப் போயிருக்கிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, புது டியூப் டிராயரில் இருக்கிறது என்றான் ரூபேந்திரன். அவன் விரல்கள் தடிமன். டாங்கியின் சின்ன ஓட்டைக்குள் வேலை செய்ய எப்போதும் அவள் விரல்கள்தான். புல்வெட்டும் மெஷின்களுக்கெல்லாம் அவள்தான் டியூப் மாற்றுவாள். அதற்குள் கிளைகளைக் கழித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பாராங்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவன், வாசலில் திரும்பிப் பார்த்தான்.

"அவன் நம்மள ஒன்னும் பண்ண மாட்டான் லோஷி. நம்ம குணாதானே."

குணாளன் அவனோடு மரம் வெட்டும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவன். ராத்திரிச் சாப்பாடு இவர்கள் வீட்டில்தான். ரூபேந்திரன் ஒற்றைப் பிள்ளை. லோஷினியை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் குணாளனைத் தவிர யாரும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் தட்டை நீட்டி, "ஒன்னே ஒன்னு, அண்ணி," என்பான். ஒரு தோசை வைத்தால் அது போன வேகத்தில் மறுபடியும் தட்டு வரும், மறுபடியும் அதே வார்த்தை. உன் ஒன்றுக்கு ஒரு முடிவே கிடையாதா என்று அவள் திட்டுவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். தனிஷாவுக்கு அப்போது பேச்சே வந்திருக்கவில்லை.

போன வெள்ளத்தில் எல்லாரும் மேட்டுக்கு ஏறிய பிறகு, லோரியில் விட்டுவந்த செயின்சாவை எடுக்க அவன் மட்டும் திரும்பிப் போனான். தண்ணீர் வடிந்தபோது லோரி கால்வாய்க்குள் கிடந்தது. கதவுகள் மூடியே இருந்தன. செயின்சாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் கூரையின் மூலையில் அழுத்தியபடி அவன் இருந்தான். காற்று கடைசியாக மிஞ்சியிருந்த இடம் அந்த மூலைதான் என்று யாரோ சொன்னார்கள். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

ரூபேந்திரன் அந்த மெஷினைப் பிரித்துக் கழுவி, வெயிலில் நாள் கணக்காகக் காயவைத்து, எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கண் முன்னால்தான் காயவைத்தான்.

அதனால்தான் இப்போது அதைத் தூக்கியதும் உள்ளே ஏதோ தளும்பிய சத்தம் கேட்டு அவள் கை நின்றது.

மூடியைத் திருகி, ஒரு பழைய மீலோ டின்னுக்குள் கவிழ்த்தாள். பெட்ரோல் வரவில்லை. தேத்தண்ணி நிறத்தில் சேற்றுத் தண்ணீர் மெதுவாக வடிந்தது. கூடவே அந்த வாடை: அழுகிய புல், டீசல், சேறு, நனைந்த மெத்தை எல்லாம் சேர்ந்த, வெள்ளம் வடிந்த பிறகு வாரக்கணக்கில் வீட்டுச் சுவரை விட்டுப் போகாத அந்த வாடை. கொட்டகைக் கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். சாக்கு காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

ஹாலில் விசில் சத்தம் ஏறி இறங்கியது. அவள் வேலையைத் தொடங்கினாள்.

மேல் மூடியையும் காற்று வடிகட்டியையும் கழற்றினாள். பழைய டியூப் மஞ்சளாகி, நகம் பட்டதும் முறிந்தது. அதன் பாதி டாங்கிக்குள் விழுந்துவிட்டது. ஒரு கம்பியின் நுனியை வளைத்து, மூடி வாய் வழியாக உள்ளே விட்டுத் துழாவினாள். மாட்டியது. இழுத்தாள், வரவில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். குழந்தை ஒரு பொருளைக் கொடுக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல, உள்ளேயிருந்தும் மெல்ல ஒரு இழுப்பு வந்தது. பிறகு விட்டுவிட்டது. டியூப் வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது.

தூரத்தில் பாராங் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தைரியமாக இருந்தது. புது டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, டாங்கியின் ஓட்டையில் நுழைத்து உள்ளே இழுத்து வடிகட்டியை மாட்டினாள். மெஷினின் பக்கத்தில் இருந்த சின்ன ரப்பர் குமிழுக்குப் போகும் டியூபையும் மாற்றினாள். மெஷினைக் கிளப்பும் முன் பெட்ரோலை ஏற்றிவிட அமுக்குகிற குமிழ் அது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கார்புரேட்டரில் செருகும் முன் டியூபின் நுனியை வாயில் வைத்து ஒரு தடவை ஊதிப் பார்ப்பது அவள் வழக்கம். காற்று தடையில்லாமல் போனால் டியூப் எங்கேயும் மடங்கவில்லை என்று அர்த்தம். எந்த மெஷினாக இருந்தாலும் அவள் இதைச் செய்யாமல் விட்டதில்லை. கை தானாகவே நுனியை உதட்டுக்குக் கொண்டுபோனது.

ஊதினாள். காற்று போனது.

போய்க்கொண்டே இருந்தது. அவள் ஊதுவதை நிறுத்திய பிறகும் போனது. நுனி அவள் உதட்டைக் கவ்விக்கொண்டு, நெஞ்சில் மிச்சமிருந்ததையும் உறிஞ்சியது. அவள் தலையைப் பின்னால் இழுத்து விடுவித்துக்கொண்டாள். டியூபிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வெளியே வந்து அவள் கன்னத்தில் பட்டது. சேற்று வாடை.

வால்வு, என்று நினைத்தாள். டாங்கியில் காற்று வால்வு ஒன்று இருக்கும். அது இப்படிச் செய்யும்.

அப்போதுதான் ஹாலில் விசில் நின்றிருந்தது உறைத்தது.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தூங்கிவிட்டாள், இளைப்பு இறங்கிவிட்டது என்று. மழை மட்டும் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பாராங் சத்தமும் இல்லை. எப்போது நின்றது? வாசல் பக்கம் பார்த்தாள். படிக்கட்டைத் தாண்டி, தேத்தண்ணி நிறத் தண்ணீர் ஒரு நாக்கைப் போலச் சமையலறைத் தரைக்குள் நீண்டிருந்தது.

குமிழ் அசைந்தது.

யாரும் தொடவில்லை. அது மெல்ல உப்பியது. மெல்லச் சுருங்கியது. மறுபடி உப்பியது. அவள் கண் குமிழிலிருந்து கதவு வழியாக மெத்தைக்குப் போனது. குமிழ் உப்பும்போது தனிஷாவின் நெஞ்சு எழுந்தது. குமிழ் சுருங்கும்போது தாழ்ந்தது.

டியூபைப் பிடித்துப் பிடுங்கி எறிந்தாள்.

குமிழ் ஒட்டிப் போனது. மெத்தையில் நெஞ்சு தாழ்ந்தது. எழவில்லை.

அவள் ஓடினாள். குழந்தையைத் தூக்கினாள். உலுக்கினாள். உதடு நீலமாக இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினாள். காற்று உள்ளே போகவில்லை. மூடிய கதவில் மோதியது போலத் திரும்பி வந்தது. ரூபேந்திரனைக் கத்திக் கூப்பிட்டாள். மழை.

அவளுக்கு அப்போது புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். தண்ணீரில் முழங்காலிட்டாள். டியூபைத் தேடி எடுத்து ஓட்டையில் திணித்தாள். நுனியை வாயில் வைத்தாள். ஊதினாள். இருந்ததையெல்லாம் ஊதினாள்.

குமிழ் உப்பியது.

மடியில் தனிஷாவின் நெஞ்சு எழுந்தது. உதட்டில் நிறம் வந்தது. ஒரு மூச்சு. சின்ன மூச்சு. குமிழ் சுருங்கியது. நெஞ்சு தாழ்ந்தது. நின்றது.

மறுபடி ஊதினாள். ஒரு மூச்சு. நின்றது. மறுபடி. கண்ணுக்குள் பொறி பறந்தது. நெஞ்சு எரிந்தது. தண்ணீர் தொடையைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் டியூப் கொஞ்சம் அதிகமாக எடுத்தது. கொஞ்சம் குறைவாகக் கொடுத்தது.

நுனி வாயிலிருந்து நழுவியது. தலை சுவரில் சாய்ந்தது. இனி முடியாது.

மடியில் குழந்தை கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. கூரையின் மூலையைப் பார்த்தது. கடைவாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, வெட்கப்பட்ட மாதிரி, அது சிரித்தது.

"ஒன்னே ஒன்னு, அண்ணி," என்றது தனிஷாவின் சின்னக் குரல். "இன்னும் ஒரே ஒரு மூச்சு குடுங்க."