திருக்கைக்கு நெற்றி எங்கே?

சனிக்கிழமைகளில் அப்பா முதலில் தேநீருக்குக் கேத்தலை வைப்பார். பிறகு பாண் துண்டுகளை வாட்டுவார். ஒரு பக்கம் எப்போதும் கருகும். கருகியதைச் சுரண்டிவிட்டு றொசானாவின் தட்டில் வைப்பார். அவளுடைய தலைமுடியை இரண்டாகப் பிரித்துப் பின்னுவார். ஒரு பின்னல் மேலே இருக்கும், மற்றது கீழே. பிறகு சப்பாத்து, தொப்பி, கையுறை. கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

அம்மா போன வருடம் நோயில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு காலைகள் இப்படித்தான்.

இன்று ஒன்று மட்டும் வேறு. அப்பா கையுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, றொசானா மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை.

பைக்குள் மடு மாதா கோயில் மண் இருந்தது. அவர்களைப் போல மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்கள் பல அதை வீட்டில் வைத்திருக்கும். நோய் வந்தால் நெற்றியில் பூசுவார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. அம்மாவின் நெற்றியிலும் பூசினார்கள். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.

இருவரும் தங்கள் வில்லரே வட்டாரத்தில் மெற்றோ ரயில் ஏறி மீன் காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கே மேலே திறந்த ஒரு தொட்டி உண்டு. கையைக் கழுவிவிட்டு, இரண்டு விரல்களால் தட்டையான திருக்கை மீன்களை மெல்லத் தொடலாம். ஒரு மூலையை மட்டும் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அங்கே ஒரு குட்டித் திருக்கை கிடந்தது.

அது சாப்பிடுவதில்லை என்று, தொட்டியைப் பராமரிக்கும் மிரெய் போன வாரம் பிரெஞ்சில் சொல்லியிருந்தார். வேறு தொட்டிக்கு மாற்றினால் இன்னும் பயந்துவிடுமாம். றொசானா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

“மன்னாரிலையெண்டால் இது இப்ப சட்டியிலை வறையாகியிருக்கும்,” என்றார் அப்பா.

அதை மட்டும் அவள் மிரெய்க்கு மொழிபெயர்க்கவில்லை.

இன்றும் குட்டித் திருக்கை மணலோடு மணலாகக் கிடந்தது. மிரெய் மறுபக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். றொசானா பையைத் திறந்தாள். திருக்கைக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே மண்ணைத் தண்ணீரில் போட்டாள்.

ஒரு சிட்டிகை போடத்தான் நினைத்தாள். முழுவதும் விழுந்துவிட்டது. தண்ணீர் கலங்கியது. குட்டித் திருக்கை துடித்தெழுந்து தொட்டிச் சுவரில் மோதியது.

மிரெய் ஓடி வந்தார். எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னார். பம்பை நிறுத்தினார். அந்த மூலைக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் அப்பா ஒருவர்தான். நீங்கள் எதையாவது போட்டீர்களா என்று அவரிடம் கேட்டார்.

அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். யாராவது பிரெஞ்சில் வேகமாகப் பேசினால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. ஓம், ஆமாம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்.

“வீ, வீ,” என்றார், சிரித்தபடி.

எதையும் போடக்கூடாது என்ற அறிவிப்பைப் பார்க்கவில்லையா என்று மிரெய் கேட்டார். அதற்கும் வீ. இது உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டார். அதற்கும் வீ. சுற்றி நின்றவர்கள் அப்பாவை முறைத்தார்கள். அப்பா றொசானா கழற்றிக் கொடுத்திருந்த தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

றொசானாவுக்குக் காது சுட்டது. அப்பாவுக்கு எதுவும் விளங்காது. பேசாமல் நின்றால் இது முடிந்துவிடும். அப்படி நினைத்தது இன்னும் வெட்கமாக இருந்தது.

மிரெய் இன்னொரு பணியாளரைக் கூப்பிட்டு வலை கொண்டுவரச் சொன்னார். விழுந்தது என்னவென்று தெரியாமல் திருக்கைகளை இதற்குள் விட்டுவைக்க முடியாது, எல்லாவற்றையும் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், குட்டி தாங்குமோ தெரியாது என்றார்.

“நான்தான்,” என்றாள் றொசானா பிரெஞ்சில். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். “நான்தான் போட்டேன். அப்பா இல்லை. அது வெறும் மண்.”

வெறும் பையை நீட்டினாள். எங்கள் ஊர்க் கோயில் மண், நோயாளிகளுக்குக் கொடுப்பது என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

மிரெய் பையில் ஒட்டியிருந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணென்றால் அடியில் படிந்துவிடும், குழாயால் உறிஞ்சி எடுக்கலாம், வலை வேண்டாம் என்றார். ஆனால் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். தண்ணீரைச் சோதிக்கும்வரை யாரும் இந்தத் தொட்டியைத் தொட முடியாது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்ற சிறு பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். றொசானா அவர்களைப் பார்க்காமல் நின்றாள்.

பிறகு, தான் ஏதாவது செய்யலாமா என்று மிரெயிடம் கேட்டாள். குழாயின் ஒரு முனையை வாளிக்குள் பிடித்திருக்கச் சொன்னார் மிரெய். கலங்கல் தண்ணீர் வாளியை நிறைத்தது. கை குளிர்ந்து விறைத்தது. அவள் விடவில்லை. தொட்டியின் அடி மறுபடியும் தெரிந்தபோது, குட்டித் திருக்கை மூலைக்குத் திரும்பி மணலில் படுத்தது. இன்னும் சாப்பிடவில்லை. ஆனால் துடிக்கவில்லை.

“அடுத்த முறை முதலில் என்னிடம் கேள்,” என்றார் மிரெய்.

றொசானா அப்பாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். அப்பாவின் சிரிப்பு நின்றது.

“நான் ஓமெண்டு சொன்னது இதுக்கோ?”

“ஓம்.”

“எல்லாத்துக்குமோ?”

“ஓம் அப்பா.”

அவர் மிரெயிடம் போய், தனக்குத் தெரிந்த இன்னொரு பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார். மன்னியுங்கள் என்று. அப்போதுதான் மிரெய் சிரித்தார்.

திரும்பும்போது மெற்றோவில் றொசானா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவின்ரை மண் முடிஞ்சுது. கேக்காமல் எடுத்திட்டன்.”

அப்பா அவளுடைய தொப்பியைத் தன் மடியில் வைத்துத் தடவினார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று கோயிலில் எல்லோரும் கேட்பார்களாம். செபம் சொன்னார் என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். அவர்களுக்கு அது பிடிக்குமாம்.

“செபம் சொல்லேல்லையோ?”

“இல்லை. நான் மண் பூசேக்கை என்ரை கையைப் பிடிச்சு ஒண்டு சொன்னவ. பேந்து ஒண்டும் கதைக்கேல்லை.”

“என்ன சொன்னவ?”

அப்பா அவளுடைய தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

“‘எனக்கு இவ்வளவு காணுமப்பா. மிச்சத்தை வையுங்கோ. ஆருக்கெண்டாலும் தேவைப்படும்.’”