கண்ணில்லாத பொய்த்தேள்

உள்ளே போனவள் பதில் சொல்லவில்லை. பேராசிரியர் குகை வாசலில் நின்று மூன்று தடவை கத்திவிட்டார். ஈரமண் வாடைதான் விட்டு விட்டு வெளியே வந்தது.

"திமிரு. வேணும்னே பண்றா," என்று முணுமுணுத்தார். காலை வெயில் மண்டையைப் பிளந்தது.

நேற்று அவருடைய ஆய்வு உதவியாளரான அவள் பிடித்து வந்தது ஒரே ஒரு பொய்த்தேள். தேள் என்றுதான் பேர். வாலும் இல்லை, கொடுக்கும் இல்லை, கண்ணும் இல்லை. அரை அரிசி நீளம். இடுக்கிகளில் இருக்கும் நீண்ட மயிரில் மூச்சுக்காற்று பட்டால் மட்டும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். இதுவரை யாரும் பார்த்திராத இனம். ஒன்றை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள், இன்னும் சில வேண்டும் என்று இவரே முடிவு கட்டிவிட்டார். இருபது வருடமாகக் குகை குகையாக ஏறி இறங்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாதாம், நாற்காலியை விட்டு எழாத இவருக்குத்தான் எல்லாம் தெரியுமாம்.

"நேத்தே சரியில்ல சார். உள்ள போனாலே கண்ணு எரியுது. இன்னொரு நாள் போறேனே," என்று விடியற்காலையில் கெஞ்சினாள்.

"குருட்டுப் பூச்சியப் பிடிக்கக் கண்ணு எதுக்கும்மா? இருபது வருஷமா என்னத்தக் கிழிச்ச? போ."

அவள் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. அவளுக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழுமே என்ற பயம்தான் அந்த மகானை உள்ளே தள்ளியது.

நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்து நுழைந்தார். எங்கோ நீர் சொட்டியது, வௌவால் எச்சத்தின் நெடி தொண்டையில் இறங்கியது, தன் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்க, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். கண் எரிந்தது. தேய்த்தார். இன்னும் எரிந்தது.

வளைவில் அவள் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு. விளக்கில்லாமல்.

"காது செவிடா? கூப்பிட்டா வாயத் திறக்கிறதுக்கு என்ன?"

அசையவில்லை. எரிச்சலோடு பெருமூச்சு விட்டார்.

சட்டென்று திரும்பினாள்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். வழவழவென்று. வெளுத்து.

இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன. விரல்கள் காற்றைத் தடவின.

மூச்சை அடக்கினார். விரல்கள் நின்றன.

ஓட வேண்டும். வாசல் எந்தப் பக்கம்? ஒன்றும் தெரியவில்லை. ஒரே இருட்டு. விளக்கு அணைந்துவிட்டதா? நெற்றியைத் தொட்டார்.

சுட்டது. எரிந்துகொண்டுதான் இருந்தது.

நெஞ்சு வெடித்தது. மூச்சு தானாக வெளியே வந்தது.

விரல்கள் அவர் முகத்தைத் தொட்டன.