உள்ளே என்று நினைத்து அழித்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பட்டப்பகலில் ஒருத்திக்கு ஈரக்குலையே நடுங்கிப்போன கதை சொல்கிறேன்.

கணினிப் பயிற்சிக்கூட வாசலில், மழைக்குப் பயந்து ஓடிவந்த ஒரு பெண், அங்கே நின்ற ஓர் இளைஞன்மேல் மோதினாள். அவன் மூக்குக்கண்ணாடி நிறையத் துளிகள்... துடைத்துவிட்டுப் பார்த்தான் பாருங்கள், அவளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. உள்ளே போனால் அடுத்தடுத்த இருக்கை.

அன்றைய பாடம் ஒரு புதுவிதப் பேக்கேஜ் மேனேஜர். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று பட்டியல் கொடுத்தால், எங்கே வேண்டுமானாலும் அதே கணினியை அச்சு அசலாக அமைத்துத் தரும். பழகிப் பார்க்கக் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி. அதை உடைத்தாலும் வெளியே கீறல் விழாது. முதல் வேலையாக, தத்தம் கணினியில் இருப்பதைப் பட்டியலிட்டுப் பக்கத்து இருக்கைக்கு அனுப்பினார்கள்.

இடைவேளையில் அவன் எழுந்து போனான். அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மெய்நிகர் கணினியைத் துடைக்க ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள். திரை கறுத்தது... கறுத்தது கறுத்ததுதான்.

"என்னங்க பண்றீங்க?" திரும்பி வந்தவன் கேட்டான்.

"சும்மா... உள்ள இருக்கிறதைத்தான்..."

"உள் கம்ப்யூட்டரை நான் மூடிட்டுப் போனேன். இது என் நிஜக் கம்ப்யூட்டர்ங்க."

அவள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"நாலு மணிக்கு இன்டர்வியூல என் புரோகிராமை ஓட்டிக் காட்டினாத்தான் வேலை. கோட் ஒரு காப்பி எங்க அக்காகிட்ட இருக்கு. ஆனா அது ஓடறதுக்கு வேண்டிய மத்த சாஃப்ட்வேரெல்லாம் எந்த வெர்ஷன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க லிஸ்ட் என்கிட்ட இருக்கு. என் மெஷினுக்குள்ளயே..."

"அம்மா தாயே, நீங்க தொட்டவரைக்கும் போதும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அழவில்லை. தன் மடிக்கணினியில் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, அவன் பட்டியலை ஊட்டினாள். மூன்றரைக்கு அதை அவன் பக்கம் நகர்த்தினாள். அக்கா அனுப்பியதை வேண்டாவெறுப்பாக ஓட்டிப் பார்த்தான். பதிப்புகளில் ஓர் எண்கூடப் பிசகவில்லை; புரோகிராம் அப்படியே ஓடியது.

நாலு மணிக்கு அதிலேயே ஓட்டிக் காட்டினான்; வேலை கிடைத்தது. மாலையில் படியில் நின்று கேட்டான்.

"என் சீட்டுல ஏன் உக்காந்தீங்க? தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்... உள் கம்ப்யூட்டரை அழிச்சா பத்து நிமிஷத்துல திரும்பக் கட்டிருவீங்க. திட்டறதுக்காவது என்கிட்ட பேசுவீங்கன்னு..."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அதுக்கு என் கம்ப்யூட்டரையா...? நான் காலையில இருந்து உங்ககிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னுதாங்க தவிச்சிட்டிருக்கேன்."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனசில் இருப்பதைச் சேதாரமில்லாமல் சொல்ல வாய் வரட்டும். வீடு நிறைந்து நல்லா இருங்கள், கண்ணுகளா.