மகளின் கம்ப்யூட்டரில் ஒரு பிணம்

போன் அலறியது.

பல் டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. எதிரே நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்து கிடந்தார். "நேத்து பல்லைப் புடுங்கியும் வலி போகலை. கண்ணாடி குடுங்க டாக்டர், பாக்கணும்" என்று வந்ததிலிருந்து நச்சரித்தவர். வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் ஓய்ந்தார்.

டாக்டர் போனைப் பார்த்தார்.

பதிமூன்று வயது மகள் கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் அவர் போனுக்கு வந்துவிடும். அதற்கென்றே ஒரு கண்காணிப்பு ஆப்!

'பிணத்தை வீட்டுத் தோட்டத்தில் புதைக்கலாமா?'

டாக்டர் அடுத்த வரியைப் படித்தார்.

'வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க என்ன செய்வது?'

'அதே மாதிரி இன்னொன்று எங்கே கிடைக்கும்?'

இன்னொன்றா...! அடுத்த ஆளையும் பார்த்துவிட்டாளா?

"நர்ஸ், இவரை எழுந்திரிக்க விடாதீங்க!"

கார் பறந்தது. பால் பல் விழுந்தால் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவரிடம் ஓடி வந்த குழந்தை அவள். அவளைப் போலீஸ் ஜீப்பில் ஏற்ற விடுவதா? பழியைத் தானே ஏற்பது என்று சிக்னலில் நிற்கும்போது முடிவு செய்தார். கண் கலங்கியது.

மகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிணம் எங்கேம்மா? பயப்படாதே. அப்பாதான் செஞ்சேன்னு சொல்லிடறேன்."

"என்னப்பா உளர்றீங்க?"

போனை நீட்டினார். படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"இது நான் தேடினது இல்லைப்பா. இந்த ஆப்பை யாரு போட்டா?"

"நீதான். எனக்குப் போடத் தெரியலைன்னு உன்கிட்டயே குடுத்தேனே..."

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை!

"அதை அம்மா லேப்டாப்ல போட்டுட்டேன்."

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

சமையலறை வாசலில் மனைவி. கையில் ஒரு சோப்பு டப்பா.

"மீன் தொட்டியைக் கழுவினேங்க. சோப்பு சரியாப் போகலை போல..."

டப்பாவுக்குள் மந்திரி! டாக்டர் ஆசை ஆசையாகத் தீனி போட்டு வளர்த்த தங்கமீன்.

"கொன்னதுகூடப் பரவாயில்லை" என்றார் டாக்டர். "மறைக்கப் பாத்தியே! செஞ்ச தப்பை ஒத்துக்கற நேர்மை வேணாமா?"

மனைவி நிதானமாகத் தன் போனை எடுத்தாள்.

"உங்க போன்லயும் அதே ஆப்பைப் போடச் சொல்லி இவகிட்ட குடுத்திருந்தேன். நேத்து நீங்க தேடினதைப் படிக்கட்டுமா? 'தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டால் நோயாளிக்குத் தெரியாமல் சமாளிப்பது எப்படி?'"

மகள் கணக்கை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

டாக்டரின் போன் மறுபடி அலறியது. நர்ஸ்.

"டாக்டர், பெரியவர் பஞ்சைத் துப்பிட்டு எழுந்து போயிட்டார்."

"வீட்டுக்கா?"

"இல்லை டாக்டர். வாஷ்பேசினுக்கு. அங்கே கண்ணாடி இருக்கு..."

டாக்டர் போனை வைத்தார். மந்திரியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அந்த டப்பாவுல எனக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா?"